இராமானுஜன் வைத்த இரசம்

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். சைவ உணவில் உறுதியாக நின்றமையால், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி உணவுக்கூடத்தை நாடாமல் அறையிலேயே சமைத்துக்கொண்டார்.

அங்கே ஒருநாள் பகலுணவுக்கு வந்தார் மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். வந்தவர் ஓர் இதழிலிருந்து வீட்டெண் புதிரொன்றைப் படித்தார். காய்கறியைக் கிளறியபடியே இராமானுஜன் சொன்ன தொடர்பின்னம், அந்தப் புதிருக்கு மட்டுமன்றி அவ்வகைப் புதிர் அனைத்துக்கும் விடையளித்தது!

மற்றொரு விருந்து இவ்வளவு இனிதாக முடியவில்லை. மணம் செய்யவிருந்த நண்பர் சாட்டர்ஜியையும் மணப்பெண்ணையும் அழைத்திருந்தார். இரசத்தை மீண்டும் வார்க்க வந்தபோது, வந்திருந்த பெண்கள் போதுமென்றனர். சற்று நேரத்தில் விருந்தளித்தவரையே காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது.

சான்பாடாவில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்காவில் நண்பர்களோடு இலைச் சாப்பாடு சாப்பிடும் நமக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஊரிலிருந்து பொருள் வரவழைத்து, தாமே ஆக்கி, தாமே பரிமாறியவருக்கு அப்படியன்று.

1917-இல் நோயுற்றார். மருத்துவ விடுதிகளின் உணவு அவருக்குப் பிடிக்கவேயில்லை. 1919-இல் தாயகம் மீண்டவர், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் மறைந்தார். அப்போது வயது 32.