செய்தித்தாளில் பயின்ற பாவலர்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கு நெய்யும் புடவையின் உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். இரண்டையும் பிரியாதவாறு பிணைக்கும் நெசவினைக் கோர்வை என்பர். தேர்ந்தவர் அருகிலிருந்து பயின்றாலன்றி இத்திறன் கைகூடாது. செய்தி எழுதும் கலையும் அத்தகையதே. அதனைப் பாரதியார் பயின்ற வரலாறு அறியத்தக்கது.

சுப்பிரமணிய பாரதியார் 1882ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்தார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ் கற்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் சென்னையையடைந்து, சுதேசமித்திரன் நாளிதழில் உதவியாசிரியராக அமர்ந்தார். அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர் 1878இல் 'இந்து' இதழைத் தோற்றுவித்த அறுவருள் ஒருவர். ஆங்கிலம் அறியாத மக்களும் நாட்டு நடப்பை உணர்தல் வேண்டுமென்று 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கி, 1899இல் அதனை நாளிதழாக்கியவர்.

பாரதியாருக்கு வாய்த்த பணி தலையங்கம் தீட்டுவதன்று. ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதாகும். அப்பொழுது ருஷிய ஜப்பானியப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது; 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. செய்யுள் இயற்றுவோர் உரிய சொல் வாய்க்கும்வரை காத்திருக்கலாம். நாளிதழில் எழுதுவோர்க்கு அந்த அவகாசம் இல்லை. அச்சுக்கோப்பவர் கைக்கு எழுத்துப்படி உரிய வேளையில் சென்றாக வேண்டும். காலம் தவறின் செய்தி பழையதாகும்; பொருள் திரியின் பொய்யாகும்; ஆங்கிலத் தொடரை அவ்வண்ணமே பெயர்ப்பின் கற்றவர்க்கும் விளங்காது. அயல்மொழிச் செய்தியையும் தமிழ் வழக்கையும் கோர்வைபோல் இணைத்தலே அவர் கற்ற பாடம். ஐயர் கண்டிப்பாக வேலை வாங்கினார். அவ்வுழைப்பே தம் தமிழைப் பண்படுத்தியதெனப் பாரதியார் பின்னர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார் என்பர்.

பயின்ற திறன் 1906இல் தோன்றிய 'இந்தியா' வார இதழில் ஒளிவிட்டது. எழுத்தால் மட்டுமன்றிக் கருத்துப்படங்களாலும் நாட்டின் நிலையை அவ்விதழ் விளக்கியது. 1908இல் அரசின் அடக்குமுறை மிகவே, பாரதியார் புதுச்சேரி சென்றார். அங்கிருந்தும் இதழ் 1910 வரை வெளிவந்தது. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபொழுது, எளிய நடையே காவியத்திற்கும் வேண்டுமென அதன் முகவுரையில் வற்புறுத்தினார். 1920இல் மீண்டும் சுதேசமித்திரனிற் சேர்ந்து, 1921 செப்டம்பரில் மறையும்வரை அதற்கு எழுதினார்.

மாணவர்களே! விரைந்து எழுதுவோர் பிழைபடுதல் இயல்பு. எனினும், நாள்தோறும் முயன்று பயின்றவரை விரைவு கெடுப்பதில்லை. பல்லாயிரவர் படிக்கும் செய்தியை உண்மை குன்றாமல், யாவர்க்கும் விளங்குமாறு, உரிய காலத்தில் எழுதுதல் நாட்டுத் தொண்டேயாகும்.