உலோகப் பொடியை வசப்படுத்தியவர்!

செஞ்சிக் கோட்டைக்கு டூர் போயிருக்கிறீர்களா? ராஜகிரி மலை உச்சி வரை மூச்சு வாங்க ஏறியவர்கள், அங்கிருக்கும் பீரங்கியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கும் உண்டு. அந்தப் பொடியில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

உலோகப் பொடியும் அப்படித் தீப்பிடிக்கும் என்பது தெரியுமா? சிர்கோனியம் என்று ஓர் உலோகம். கட்டியாக இருக்கும்போது பரம சாது. நைசாகப் பொடித்து விட்டாலோ, காற்று பட்டாலே சில சமயம் பற்றிக்கொள்ளும்!

இந்த மாதிரி முரட்டு உலோகங்களை நம் நாட்டிலேயே பழக்கியெடுத்தவர், பிரம்ம பிரகாஷ். 1912 ஆகஸ்ட் 21ம் தேதி லாகூரில் பிறந்தார். வேதியியல் படித்துவிட்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.,யில் உலோகவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1951ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் துறைத் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். பிறகு ஹோமி பாபாவின் அணுசக்தி குழுவில், மும்பை டிராம்பேயில் உலோகப் பிரிவை வளர்த்தார்.

அங்கே என்ன வேலை? உங்கள் வீட்டில் பிடி கொழுக்கட்டை செய்வார்கள் இல்லையா? மாவைக் கையால் அழுத்திப் பிடித்து, ஆவியில் வைத்தால் கெட்டியாகிவிடும். ஆனால் மாவு உருகுவதில்லை; அம்மாவின் விரல் தடம்கூட அப்படியே இருக்கும். உலோகப் பொடியையும் அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கினால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி கட்டியாகிவிடும். பொடி நைசாக இருந்தால் குறைந்த சூடே போதும். சூடு ஏற ஏற சிர்கோனியம், டைட்டானியம் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடித்து, முறுக்கு மாதிரி நொறுங்கும். அதனால் காற்றே இல்லாத உலையிலோ, ஆர்கான் வாயுவிலோதான் சூடேற்ற வேண்டும். குறைந்த சூடு நல்லதுதான். ஆனால் அதற்கு நைசான பொடி வேண்டும். நைசான பொடியோ சட்டென்று தீப்பிடிக்கும். நல்ல வம்பு!

அணு உலை எரிபொருளிலும் இந்தக் கொழுக்கட்டை வேலை உண்டு. யுரேனியம் ஆக்சைடு பொடியைச் சிறு வில்லைகளாக அழுத்தி, சுமார் 1,700 டிகிரியில் சுடுவார்கள். அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். சுட்ட வில்லைகளை சிர்கோனியக் கலவைக் குழாயில் அடுக்குவார்கள்.

சிர்கோனியம் கிடைக்கும் சிர்கான் தாது, நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிறது. ஆனால் அதோடு ஹாப்னியம் என்ற இன்னொரு உலோகமும் ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பி போல வரும். அது நியூட்ரான்களை விழுங்கிவிடும். அணு உலை அணைந்து போகும். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. பிரம்ம பிரகாஷின் குழு அதைச் செய்து காட்டியது. 1971ல் ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் உருவானதற்கு அவர்தான் முன்னின்றார்.

அது எவ்வளவு சரியான நேரம் பாருங்கள். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின், அணு உலைக்கு உதவி வந்த கனடா கையை விரித்துவிட்டது. சொந்தமாகச் செய்யத் தெரியாமல் இருந்திருந்தால், கதை என்ன ஆகியிருக்கும்?

அதற்குள் அவருக்கு வேறொரு பொறுப்பு வந்துவிட்டது. விக்ரம் சாராபாய் மறைவுக்குப் பின், 1972ல் திருவனந்தபுரம் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநரானார். எஸ்.எல்.வி.,3 ராக்கெட் திட்டத்தை நடத்தியவர் நம் அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10ல் அந்த ராக்கெட் கடலில் விழுந்தது. சோர்ந்து போன கலாம் அறையில் படுத்துத் தூங்கிவிட்டார். மாலையில் கண் விழித்தால், கட்டில் அருகே பிரம்ம பிரகாஷ்! மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க இரண்டு முறை வந்தவர், தூங்குகிறாரே என்று திரும்பிப் போயிருக்கிறார். தானும் சாப்பிடாமல் காத்திருந்தாராம். அடுத்த ஆண்டு ஜூலை 18ல் அதே எஸ்.எல்.வி.,3, ரோகிணியைச் சுமந்து வானில் ஏறியது.

1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அதற்கான எரிபொருள் ஹைதராபாத் வளாகத்தில் தயாரானது. அடுத்த ஜனவரியில், 71வது வயதில் பிரம்ம பிரகாஷ் காலமானார். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்கோனியம் ஆலை வந்தது, 2009ல்.