துணிச் சின்னத்தின் விலை

ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் பணியாற்றும் என் பழைய மாணவர், சில மாதங்களுக்கு முன் ஒரு கோப்புடன் வீட்டுக்கு வந்தார். ஊழியர்களை வெளியே வந்து நடக்கச் செய்வதற்கான திட்டம் அது. நாள்தோறும் ஒருவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதைக் கைப்பேசிச் செயலி கணக்கிடும்; மாத இறுதியில் அதற்கேற்பப் பரிசுக் கூப்பன் கிடைக்கும்; அனைவரின் அடிகளும் சேர்ந்து ஓர் இலக்கைத் தாண்டினால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நிறுவனம் நன்கொடை தரும். பொருளாதாரம் கற்பித்தவர் என்ற முறையில் என் கருத்து வேண்டும் என்றார்.

நல்ல நோக்கம்தான். ஆனால், மூன்றாம் பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் என்று அங்கே இருந்தது. உற்பத்திக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் திட்டத்தில் இடமில்லை. நிரந்தரப் பணியாளர்களிலும் உற்பத்திக்கூடத்துக்குள் செல்பவர்கள் கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆக, அந்தச் செயலி எண்ணப்போவது பெரும்பாலும் அலுவலக அறையில் அமர்ந்திருப்பவர்களின் அடிகளை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் பொருளாதார அறிஞர் எவரும் அல்லர். 1941-இல் கென்யாவில் மறைந்த ஓர் ஆங்கிலேயப் படைத் தளபதி. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த ராபர்ட் பேடன் பவல். வீட்டை விட்டு வெளியே வந்து உடலையும் மனத்தையும் பயன்படுத்தும் சிறுவனுக்கு ஒரு துணிச் சின்னம் தரலாம் என்று உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர். அந்தச் சின்னம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்ற வழக்கில் சிக்கியவரும் அவரே. அந்த வழக்கின் முக்கியமான பகுதி நம் சென்னையில்தான் நடந்தது.

1857 பிப்ரவரி 22-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதானபோது இறந்துவிட்டார். பெரிய குடும்பத்தைத் தனியே வளர்த்தவர் தாய் ஹென்றியெட்டா. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் அவர் படித்த காலத்தைப் பற்றி வகுப்பறைச் செய்திகள் அதிகம் இல்லை. பள்ளியை ஒட்டிய தோப்புக்குள் ஆசிரியர்களின் கண்ணுக்குத் தப்பி ஒளிந்திருந்ததும், புகை எழாமல் தீ மூட்டி முயல் கறி சமைத்ததும்தான் அவருக்குப் பிற்காலத்தில் பயன்பட்ட படிப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைக்கவில்லை. பேராசிரியர் மகனுக்கு இது சிறிய அவமானம் அல்ல. ஆனால் படைத்துறைத் தேர்வில் குதிரைப் படைப் பிரிவுக்கு இரண்டாம் இடத்தில் தேறினார். 1876-இல் பத்தொன்பது வயதில் இந்தியா வந்து, லக்னோவில் 13-ஆம் ஹுஸார் படையில் சேர்ந்தார்.

குதிரை மீதிருந்து ஈட்டியால் காட்டுப்பன்றி வேட்டையாடுவதில் பெயர் பெற்று, அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார் என்பதைத் தவிர, அவருடைய முதல் இந்திய வாசத்தில் நமக்கு வேண்டியது அதிகம் இல்லை. ஆப்பிரிக்காவில் நடந்தவற்றைச் சொல்லாமல் விடுவது மட்டும் நேர்மையாகாது. 1896-இல் மட்டபேலே மக்களின் எழுச்சியை அடக்கச் சென்றபோது, பிடிபட்ட உவினி என்ற தலைவரைப் படை விசாரணைக்கு உட்படுத்திச் சுட்டுக் கொல்லச் செய்தார். அதற்காக அவர் மீது விசாரணை வந்தது, தண்டனை வரவில்லை.

மீண்டும் இந்தியா வந்து 1897-இல் மீரட்டில் 5-ஆம் டிராகூன் காவலர் படைக்குத் தலைமை ஏற்றார். அங்கேதான் நம் கதை தொடங்குகிறது. வீரர்களுக்குத் தடம் அறிதல், வரைபடம் வரைதல், இரவில் திசை காணுதல் ஆகியவற்றைக் கற்பித்து, தேறியவர்களுக்குத் திசைகாட்டியின் வடமுனை அம்பு வடிவில் ஒரு சின்னம் கொடுத்தார். ஊதிய உயர்வு இல்லை, பதவி உயர்வு இல்லை. கையில் ஒரு சின்னம், அவ்வளவே. அதைப் பெற வீரர்கள் முனைந்தனர். பாடநூலில் இதற்கு விளக்கம் தேடியிருந்தால் அந்நாளைய பொருளாதார அறிஞர்கள் திணறியிருப்பார்கள்.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரை போயர் படை முற்றுகையிட்டது. 217 நாள்கள் தாக்குப்பிடித்த தளபதி பேடன் பவலை இங்கிலாந்து தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த முற்றுகையில் சிறுவர்கள் சீருடை அணிந்து மிதிவண்டியில் செய்தி கொண்டு சென்றதைக் கண்டபோதுதான், பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவன் அதைச் சுமப்பான் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது. அதே நகரில் உணவுப் பங்கீட்டில் வெள்ளையருக்கு ஒரு கணக்கும் ஆப்பிரிக்கருக்கு மற்றொரு கணக்கும் இருந்ததைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கடுமையாக விமர்சித்துள்ளனர்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். உயர்குடிப் பள்ளி மாணவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கினர். வர்க்கப் பிரிவு ஊறிப்போன அன்றைய இங்கிலாந்தில் இது சாதாரணச் செயல் அல்ல. அடுத்த ஆண்டு, சிறுவர்களுக்கான சாரணிய நூல் இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் வெளிவந்தது. தலைவர் அழைக்கும் வரை காத்திராமல் சிறுவர்கள் தாங்களே குழு அமைத்துக்கொண்டனர். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பேரணிக்கு அழைப்பின்றியே சிறுமிகள் சீருடையில் வந்து நின்றனர். அதன் விளைவாக மறு ஆண்டில் தன் சகோதரி ஆக்னஸுடன் சாரணியர் இயக்கத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

அவர் வகுத்த பரிசு முறையில் மூன்று நுட்பங்களை நான் காண்கிறேன். சின்னம் போட்டிப் பரிசு அல்ல. ஒருவன் பெற்றால் மற்றவன் இழப்பதில்லை. அடுத்து, தேர்வாளர் பார்க்க வேண்டியது எட்டிய உயரத்தை மட்டும் அல்ல, அச்சிறுவன் எடுத்த முயற்சியை என்று அவர் வலியுறுத்தினார்; மெலிந்த பிள்ளைக்கும் வழி திறந்திருந்தது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. நீச்சலுக்கும் முதலுதவிக்கும் சின்னம் உண்டு. ஆனால் பிறருக்குச் செய்யும் அன்றாட நற்செயலுக்குக் காசு வாங்கக்கூடாது. திறனுக்கு அடையாளம் தருவதையும் உதவிக்குக் கூலி தருவதையும் அவர் ஒன்றாகக் கலக்கவில்லை. ரத்த தானத்துக்குப் பணம் கொடுத்தால் கொடையுணர்வு கெடும் என்று ரிச்சர்ட் டிட்மஸ் நூல் எழுதியது 1970-இல்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. காஞ்சிபுரத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது நான் சாரணன். வைகாசி கருட சேவையன்று விடியற்காலையில் தெருவோரம் நின்று கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்போம். தண்ணீர் குடித்த மூதாட்டி ஒருவர் என் கையில் பத்துப் பைசாவைத் திணித்தார், மறுத்தேன். வருத்தப்பட்டு, மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். இதற்கு விதி என்ன என்று தெரியாமல் விழித்த என்னைப் பார்த்து, சாரண ஆசிரியர் தலையசைத்தார். தின்றேன். முதலுதவிச் சின்னம் தைத்த அந்தக் காக்கிச் சட்டை கிழிந்து போனது. சின்னத்தை மட்டும் அம்மா வெட்டி எடுத்து வைத்திருந்தார். இன்றும் இருக்கிறது.

ஆனால், எனக்குக் கிடைத்த அச்சின்னம், என் பாட்டனார் தலைமுறைச் சிறுவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1909-இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் குழு ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கானது. இந்தியச் சிறுவர்களுக்குத் தடம் அறியவும் அணிவகுக்கவும் கற்றுக்கொடுத்தால் அவர்கள் புரட்சிக்காரர்களாகிவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. அன்னி பெசன்ட் அம்மையார் இதை ஏற்கவில்லை. 1917-இல் ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தலையில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாடல்கள் இந்தியப் பாடல்கள். அதே ஆண்டு ஜூனில், தன்னாட்சி இயக்கம் நடத்தியதற்காக இருவரையும் சென்னை அரசு காவலில் வைத்தது. மறு ஆண்டு வடக்கே அலகாபாதில் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தனர்.

1921-இல் பேடன் பவல் மனைவி ஓலேவுடன் இந்தியா வந்தார். சென்னையில் அன்னி பெசன்ட்டின் சாரணர்களை நேரில் கண்டார். அவர்களைத் தன் இயக்கத்துடன் இணைத்துக்கொள்ள உடன்பட்டார்; அம்மையாருக்கு இந்தியாவுக்கான கௌரவ ஆணையர் பொறுப்பு அளிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது. அதைத் திறந்தது அவருடைய பெருந்தன்மை மட்டுமே என்று எழுதுவோர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. கதவுக்கு வெளியே தங்களுக்கென ஒரு வீட்டையே கட்டிக்கொண்டவர்கள் இருந்ததால்தான் அது திறந்தது. சேவா சமிதியினர் இணையவும் இல்லை. 1937-இல் தில்லி ஜம்போரிக்கு வந்த பேடன் பவல், இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசியதாக எழுந்த சர்ச்சையில் இயக்கம் மீண்டும் பிளந்து, மறு ஆண்டு இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள்தான் எல்லாம் இணைந்து பாரத சாரணர் இயக்கமாயிற்று.

அந்த இணைப்பை அவர் காணவில்லை. இறுதி ஆண்டுகளைக் கென்யாவின் நியேரியில் ஒரு சிறு வீட்டில் கழித்து, 1941 ஜனவரி 8-ஆம் நாள் மறைந்தார். கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. தடக் குறியீட்டில் அதற்கு, வீடு திரும்பிவிட்டேன் என்று பொருள்.

மாணவரின் கோப்புக்கு வருகிறேன். நடப்பவருக்குப் பரிசு தருவது பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் அரசு 2015 முதல் அடிகளைக் கணக்கிட்டுப் பரிசுச் சீட்டு வழங்கி வருகிறது. கேரி சார்னஸ், யூரி நீசி ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்கூடத்துக்குப் பலமுறை வரப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்ற பிறகும் முன்பை விட அதிகமாக வந்தனர். கவனிக்க வேண்டியது, பலன் ஏறக்குறைய முழுதும் முன்பு வராதவர்களிடமே தெரிந்தது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களிடம் மாற்றமில்லை. அப்படியானால், காலையில் தானாகவே நடக்கும் மேலாளருக்குத் தரும் கூப்பன் வீண் செலவு.

நடக்க இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கி.மீ. நடைபாதை வகுத்தது, சென்னையில் அது பெசன்ட் நகர்ப் பக்கம் என்பது பொருத்தமானதே. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் மாலை ஆறு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு நம் பகுதியின் நிலை தெரியும். கார் ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளுக்கும் நிறுவனப் பேருந்துகளுக்கும் இடையே மனிதன் கால் வைக்க ஓர் அடி இல்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அத்தனை இளம்பெண்கள் வேலை முடிந்தபின் காற்றாட நடக்க, இப்பகுதியில் ஏரிக்கரைகளுக்குக் குறைவில்லை, விளக்குக்குத்தான் குறைவு.

மாணவர் மறுமுறை வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். நான் பரிந்துரைத்தவை சில. ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்க்க வேண்டும். செயலிக்குப் பதில் ஏரிக்கரையின் இரு முனையிலும் ஒரு வருகைப் பதிவேடு போதும். பணக் கூப்பனை முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும், புதிதாக நடக்க வருபவர்களுக்குத் தரலாம்; பிறகு சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம். பள்ளிக்கான நன்கொடையை இலக்கோடு முடிச்சுப் போட வேண்டாம், நிபந்தனையின்றிக் கொடுத்துவிடலாம்.

ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்த்தால், நாளை அவர்கள் நிறுவனத்தின் நேரடிப் பணியாளர்கள் என்று வாதிட அது சான்றாகிவிடும் எனச் சட்டப் பிரிவு அஞ்சுவதாக அவர் தயக்கத்துடன் கூறினார். 1909-இல் பெங்களூரில் இருந்த அச்சத்தின் கதையைச் சொன்னேன். சிரித்தார், குறித்தும் கொண்டார்.

கோப்பு இப்போது மேலதிகாரிகளிடம் இருக்கிறது. கரையில் விளக்குக் கம்பங்கள் நட எவ்வளவு செலவாகும் என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். வரும் திங்கள்கிழமை போக வேண்டும்.