கல்லுக்கு வயசு சொன்னவர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. ஏதாவது எழுதித் தா, ஆனால் ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது என்றார்கள். அதனால் ஆர்தர் ஹோம்ஸ் பற்றி எழுதுகிறேன். துப்பறியும் ஹோம்ஸ் இல்லை, இவர் வேறு. நம்ம என்ஜினியரிங் ஜியாலஜி பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வியாக வந்து போனவர். அந்த ரெண்டு மார்க்கையும் கோட்டை விட்டவன் நான்.

ஹோம்ஸ் 1890-ல் இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலுக்குப் பக்கத்தில் பிறந்தார். வசதியான குடும்பமில்லை. வருஷத்துக்கு 60 பவுண்டு ஸ்காலர்ஷிப்பில் லண்டன் வந்து ராயல் காலேஜ் ஆஃப் சயன்ஸில் பௌதிகம் படித்தார். பூமியின் வயசு என்ன என்று அப்போது பெரிய சண்டை. உருகிய உருண்டை குளிர எத்தனை காலமாகும் என்று கணக்குப் போட்ட கெல்வின் பிரபு, 2 முதல் 4 கோடி ஆண்டு என்று 1897-ல் அடித்துச் சொல்லிவிட்டார். பாறை அடுக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது போதவே போதாது. ஆனால் கெல்வினை எதிர்க்க அவர்களிடம் எண் இல்லை.

அந்த எண்ணைக் கொடுத்தது யுரேனியம். அது தானாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. வெயிலோ மழையோ அழுத்தமோ அதன் வேகத்தை மாற்றாது. கிரானைட் போன்ற பாறை உருகிய நிலையிலிருந்து இறுகும்போது சில தாதுக்கள் யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயசு தெரிந்துவிடும். பாதி யுரேனியம் ஈயமாக சுமார் 447 கோடி ஆண்டு ஆகும் என்பதால், சேரும் ஈயம் துளியூண்டுதான். கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அந்தத் துளியைப் பிரித்து எடைபோட வேண்டும். லேபில் டைட்ரேஷனை மூன்று முறை செய்து மூன்று விடை கண்ட நமக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

இதை அமெரிக்கரான போல்ட்வுட் 1907-ல் முயன்று விட்டுவிட்டார். ஹோம்ஸ் விடவில்லை. 1911-ல், 21 வயதில், நார்வே நாட்டுப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்றார். அவர் பட்டியலில் மிகப் பழையது இலங்கையிலிருந்து வந்த மாதிரி. அதற்கு 164 கோடி. கெல்வின் கணக்கு அதோடு முடிந்தது.

அந்தக் கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. கடன் தொல்லை. மாதம் 35 பவுண்டு சம்பளம் என்று மொசாம்பிக்கில் தாது தேடும் வேலைக்குக் கப்பலேறியிருந்தார். உருப்படியான தாது எதுவும் கிடைக்கவில்லை, மலேரியா கிடைத்தது. இறந்துவிட்டார் என்று ஊருக்குச் செய்தியே போய்விட்டது. பிழைத்துத் திரும்பினார். அங்கே காட்டுக்கு நடுவில் ஒத்தை ஒத்தையாக எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளை அவர் மறக்கவில்லை. 1918-ல் அந்தப் பகுதியின் பழம்பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

1913-ல் 'பூமியின் வயது' புத்தகம் வந்து பெயரும் வந்தது. பணம்தான் வரவில்லை. 1920-ல் மனைவி, சின்னப் பையனோடு பர்மாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போனார். கம்பெனி திவாலானது, சம்பளம் வரவில்லை. அதைவிடக் கொடுமை, மூன்று வயதுப் பையன் ரங்கூனில் சீதபேதியில் இறந்துபோனான். 1922-ல் வெறுங்கையோடு ஊர் திரும்பி, நியூகாசிலில் கீழ்நாட்டுக் கலைப்பொருட்கள் விற்கும் கடையில் உட்கார்ந்தார். பூமிக்கே வயசு கணக்குப் போட்டவர் கல்லாவில் சில்லறை எண்ணினார்.

நான் இவரைத் தேடிப் படித்ததற்குக் காரணமே இந்த இடம்தான். நானும் வளைகுடாவில் வேலை பார்த்த கம்பெனி மூடி, ஆறு மாதச் சம்பளப் பாக்கியோடு வந்து இறங்கியவன். எட்டு மாதம் மாமாவின் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பா அடுக்கினேன். நம்ம பேட்ச் சந்திப்புக்கு அந்த வருஷம் நான் வராததற்குக் காய்ச்சல் என்று சொன்னது பொய். ஜவுளி பைக்குள் கிடந்த பழைய ஜியாலஜி நோட்டைப் புரட்டியது அந்த எட்டு மாதத்தில்தான்.

ஹோம்ஸுக்கு 1924-ல், 34 வயதில், டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி துறை கிடைத்தது. துறை என்றால் அவர் ஒருத்தர்தான். அங்கிருந்துதான் பூமியின் உள்ளே வெப்பச் சுழற்சி ஓடிக் கண்டங்களை நகர்த்தக்கூடும் என்று எழுதினார். 1943-ல் எடின்பரோவுக்குப் பேராசிரியராகப் போனார். 1944-ல் அவருடைய பெரிய பாடப்புத்தகம் வந்தது. 1946-ல் கையால் இயக்கும் கணக்கு மெஷினோடு மல்லுக்கட்டி, பூமிக்குச் சுமார் 300 கோடி என்றார். அடுத்த ஆண்டே 335 கோடியாகத் திருத்தினார். 1956-ல் பேட்டர்சன் விண்கற்களை அளந்து 455 கோடி என்று சொன்னதே இன்றுவரை ஏறக்குறைய நிற்கிறது.

எனக்குப் பிடித்தது அவருடைய மொசாம்பிக் கணக்குத்தான். 1948 லண்டன் ஜியாலஜி மாநாட்டுக்கு எழுதி 1951-ல் அச்சான கட்டுரையில், மொசாம்பிக்கிலிருந்து வடக்கே கென்யா வரை கிரானைட்டும் நைஸ் பாறையுமாக நீளும் பகுதியை ஒரே மலைத்தொடரின் தேய்ந்துபோன அடிவேர் என்று காட்டினார். மொசாம்பிக் பட்டை என்ற பெயர் அவர் வைத்தது. காய்ச்சலில் கிடந்த ஊருக்கு நாற்பது வருஷம் கழித்துப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார். 1955-ல் இந்தியத் தீபகற்பம், இலங்கைப் பாறைகளின் வயதைப் பற்றியும் எழுதினார்.

அந்தப் பட்டை இன்றைய அளவுகளில் பெரும்பாலும் 65 முதல் 55 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. இலங்கைச் சிர்க்கான் கற்களும் சுமார் 55 கோடிதான் காட்டுகின்றன. இளவயதில் அவர் சொன்ன 164 கோடி எங்கோ போய்விட்டது. 1911-ல் ஐசோடோப் என்ற சொல்லே கிடையாது, எந்த ஈயம் யுரேனியத்தில் பிறந்தது, எது தோரியத்தில் பிறந்தது என்று பிரிக்க வழியில்லை. ஐசோடோப் பிடிபட்டதும் ஹோம்ஸ் தன் பழைய எண்களைக் கட்டிக்கொண்டு அழவில்லை. காலக்கணக்கை 1947-லும் 1959-லும் திருத்தி எழுதினார்.

1965 செப்டம்பரில் லண்டனில் காலமானார். ஆப்பிரிக்கா, இலங்கை, தென்னிந்தியா எல்லாம் ஒட்டியிருந்த காலத்தில் ஒரே மோதலில் சூடேறிய பாறைகள் மதுரைப் பக்கமும் இருக்கின்றன. சந்திப்புக்கு மதுரை வழியாக வருகிறவர்கள் யானைமலையைப் பார்த்தால், மொசாம்பிக் குன்றுகளுக்கு அது ஒருவகையில் சொந்தக்காரன். இந்தத் தடவை எனக்குக் காய்ச்சல் வராது, கண்டிப்பாக வருகிறேன்.