சம்பளம் 4 ரூபாய், விக்கெட் 114

கிரிக்கெட் என்றதும் நாம் சச்சின், தோனியைத்தான் பேசுவோம். நான் பல்வங்கர் பாலுவைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

1876-இல் தார்வாரில் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்குப் பிட்ச் உருட்டி, வலை கட்டும் வேலை. துரைமார் பேட்டிங் பழக மணிக்கணக்கில் பந்து போடணும். மட்டையை மட்டும் அவர் கையில் தர மாட்டார்கள். போட்டுப் போட்டே இடது கை சுழல் படிந்துவிட்டது.

அந்தத் துரைமாரை ஜெயிக்க பூனா இந்துக்களுக்கு பாலு தேவைப்பட்டார். சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லாரும் தொட்ட பந்துதான். டீ மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். நம்ம ஊர்ப்பக்கத்து இரட்டை டம்ளர்தான், வேறென்ன? பந்துக்குத் தீட்டு இல்லையாம்!

1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலு ஒருவரே 114 விக்கெட் எடுத்தார். அப்புறமும் இந்து அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவில்லை.

தேரடித் தெருவில் தள்ளுவண்டி போடும் எங்கப்பா, தொழில் தெரிஞ்சா மதிப்பு தானா வரும் என்பார். வீட்டில் முதல்ல படிக்க வந்த எனக்கு இப்போ அதில் சந்தேகம்.

1923-இல் பாலுவின் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். அந்த வருஷம் கோப்பையும் இந்துக்களுக்கே. பாலு அதற்குள் ஆட்டத்தை விட்டிருந்தார்.