காந்தியடிகளும் ஆட்டுப்பாலும்

அண்ணல் காந்தியடிகளின் தண்டி யாத்திரையை நம் சிறுவர்களும் பாடநூல் வாயிலாக அறிவர். அவர் உண்ட உணவின் வரலாறோ அத்துணை அறியப்பட்டதன்று. அதனை இம்மலரில் சிறிது கூற விழைகின்றோம்.

1869-ஆம் ஆண்டு போர்பந்தரில் வைணவக் குடியில் தோன்றியவர் அடிகள். ராஜ்கோட்டில் பயின்ற நாளில், ஆங்கிலேயர் புலால் உண்பதனாலேயே நம்மை ஆளும் வலிமை பெற்றனர் என்று ஒரு நண்பர் அவரை மயக்கினார். நாட்டுப்பற்றின் பேரால் ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். அன்றிரவு தம் வயிற்றினுள் உயிருள்ள ஆடு கத்துவது போன்ற கனவு அவரை வாட்டிற்று. ஆயினும் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஆறு முறை அவ்விருந்து நடந்தது. பின்னர் அதனை விட்டதற்குக் காரணம் உயிரிரக்கம் அன்று; பெற்றோரிடம் பொய் கூற நேர்ந்தமையே. இதனை நாம் மறைத்தல் கூடாது, அடிகளே மறைத்தாரில்லை.

1888-இல் இலண்டனுக்குப் புறப்படுமுன், ஊன், மது, மாதர் மூன்றையும் தீண்டுவதில்லை என அன்னை புத்லிபாயின் முன் சூளுரைத்தார். அவ்வாக்கினைக் காக்க அங்கே அரைவயிற்றோடு அலைந்தவர், ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டார். அங்கு வாங்கிய ஹென்றி சால்ட்டின் சிறுநூல் அவர் மனத்தை மாற்றியது. அதுகாறும் அன்னைக்காக மறுத்த புலாலை அன்று முதல் கொள்கைக்காக மறுத்தார்.

அவ்வளவில் நின்றிருந்தால் நம்மில் பலருக்கு அவரைப் பின்பற்றல் எளிதாகும். அடிகள் நிற்கவில்லை. கல்கத்தாவில் கறவை மாடுகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது படித்தார். பால் புலன்களைக் கிளர்த்தும் என்னும் எண்ணமும் முன்பே அவருக்கு இருந்தது. 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் பாலைத் துறந்தார். விடியலில் காப்பியின்றி எழ இயலாத நம் குடும்பங்கள் இதன் அருமையை நன்குணரும்!

சோதனை 1918-இல் வந்தது. கேடா மாவட்டத்தில் சீதபேதி கண்டு உடல் எலும்பும் தோலுமாயிற்று. மருத்துவர்கள் பால் வேண்டுமென்றனர், மறுத்தார். பின்னர்ப் பம்பாயில் டாக்டர் தலால் வற்புறுத்தியபோது, விரதம் பூண்ட நாளில் எண்ணியவை பசுவும் எருமையும்தாமே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா அம்மையார் கேட்டார். அடிகள் இசைந்தார், பிழைத்தார். ஆனால் விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டோமே என்னும் வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை. சத்தியாக்கிரகத்திற்காக உயிர்வாழ வேண்டும் என்ற ஆசையே தம்மை வென்றது எனத் தம் வரலாற்றில் எழுதினார்.

அம்மையார் கணவரின் கொள்கையை எளிதாக எண்ணினார் என்று கொள்ளற்க. தென்னாப்பிரிக்காவில் அறுவைச் சிகிச்சைக்குப்பின் உயிர் ஊசலாடியபோதும் மாட்டிறைச்சிச் சாற்றை மறுத்தவர் அவர். பட்டினியின் எல்லையைத் தம் உடலால் அறிந்தவரே அன்று பேசினார் என்பது நம் கருத்து.

1931 நவம்பரில் இலண்டன் மரக்கறி உணவாளர் கூட்டத்தில் அடிகள் பேசினார். முதியவராகிய சால்ட்டும் அங்கிருந்தார். உடல்நலத்தை அன்று, அறத்தையே அடிப்படையாகக் கொள்ளுமாறு அவர்களை வேண்டிய அடிகள், பன்முறை முயன்றும் தம்மால் பாலை விட இயலவில்லை என்பதையும் அச்சபையிலேயே வெளிப்படக் கூறினார்.