தோற்றவனுக்காக வழக்காடிய கணிதர்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் பாமன்கடையில் எங்கள் ஒழுங்கை இளைஞருக்கு வேறு பேச்சில்லை. விம்பிள்டன் டெனிஸ் போட்டியின் ஆட்ட அட்டவணை வெளிவந்த அன்றே அதனைத் தாளிற் பெயர்த்தெழுதி, எவர் எவரை வெல்வர், ஈற்றிற் கிண்ணம் எவர் கையிற் சேரும் என்று கோடிழுத்து முடிவு கூறிவிடுவர். தமிழாசிரியனாகிய எனக்கும் ஒரு தாள் வந்து சேரும். அவ்விளையாட்டின் நுட்பம் ஒன்றும் அறியாத நான், பெயரின் ஓசை பார்த்தே வெற்றியாளரைத் தெரிவு செய்வேன். கணக்குப் பார்த்து எழுதியோரின் தாள்களிலும் என் தாள் பெரிதும் தாழ்ந்துபோனதில்லை என்பதை அடக்கத்துடன் கூறிக்கொள்ளுகிறேன்.

இவ்வேடிக்கையைக் காணுந்தோறும் என் நினைவில் எழுபவர் சாள்ஸ் லட்விட்ஜ் டொட்ஜ்சன் என்னும் ஆங்கிலேயர். அப்பெயரை அறியாதாரும் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரை அறிவர். 1865 ஆம் ஆண்டில் வெளிவந்த அலிஸின் அற்புதவுலகக் கதையை எழுதியவர் அவரே. முயலின் வளையில் வீழ்ந்த சிறுமியின் கதையைச் சொன்னவருக்கும் டெனிஸ் போட்டிக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். தொடர்பு உண்டு.

டொட்ஜ்சன் 1832 ஆம் ஆண்டு தை மாதம் 27 ஆந் திகதி, செஷயர் மாகாணத்து டாஸ்பரி என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தார் பதின்மர், ஆண்மக்களுள் மூத்தவர் இவரே. பேசுங்காற் சொல் திக்கும் குறை அவருக்கு இருந்தது. ரக்பி பாடசாலையிற் கற்றபின், 1851 இல் ஒக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிற் புகுந்தார். புகுந்த இரண்டொரு நாளில் தாய் இறந்த செய்தி வந்தது. அக்கல்லூரியே அதன்பின் அவருக்கு வீடாயிற்று; இறக்கும்வரை அவர் அதனை விட்டு நீங்கவில்லை. 1855 முதல் 1881 வரை கணிதம் போதித்தார். 1861 இல் திருச்சபையிற் கீழ்ப்படிப் பட்டம் பெற்றாராயினும் மேற்படிக்கு ஏறவில்லை. மணஞ் செய்துகொள்ளவுமில்லை.

ஒழுங்கின்மேல் அவர் கொண்ட பற்று வியக்கத்தக்கது. தாம் எழுதியனவும் பெற்றனவுமாகிய கடிதங்களுக்கு எண்ணிட்டு ஒரு பதிவேடு வைத்திருந்தார்; அவ்வெண் தொண்ணூற்றெட்டாயிரத்தைக் கடந்தது. இத்தகையவர் ஓரிடத்தில் நியாயம் பிழைக்கக் கண்டால் வாளா இருப்பாரா? கல்லூரிச் சபையில் வாக்கெடுக்கும் முறை பிழையென்று கண்டு, 1873 முதல் 1876 வரை மூன்று சிறு நூல்கள் எழுதி அச்சிட்டார். அவற்றின் அருமையை உலகம் உணர எண்பது ஆண்டுகள் சென்றன. டங்கன் பிளாக் என்னும் ஸ்கொத்லாந்துப் பொருளியலறிஞர் 1958 இல் வெளியிட்ட நூலினாலேயே அவை பலருக்கும் தெரியவந்தன.

டெனிஸ் விவகாரம் 1883 இல் எழுந்தது. விம்பிள்டன் போட்டி தொடங்கி அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன. ஓரிடத்தில் நடந்த டெனிஸ் போட்டியைப் பார்க்கச் சென்ற டொட்ஜ்சன், தொடக்கத்திலேயே தோற்று வெளியேறிய ஆட்டக்காரர் ஒருவரின் புலம்பலைக் கேட்டார். தம்மிலும் ஆற்றலிற் குறைந்தவர் என்று தாம் நன்கறிந்த ஒருவர் இரண்டாம் பரிசைக் கொண்டுசெல்வதை அவர் கண்ணாற் காணவேண்டியதாயிற்று. நம்மில் எவரும் ஓர் ஆறுதல் வார்த்தை கூறி அகன்றிருப்போம். டொட்ஜ்சனோ வீடு சென்று கணக்குப் போட்டார்.

முப்பத்திரண்டு பேர் ஆடுகிறார்கள். தோற்றவர் அக்கணமே விலக வேண்டும். மிக வல்லவர் எந்த மூலையில் நின்றாலும் முதற்பரிசு அவருக்கே, அதில் ஐயமில்லை. வல்லமையில் இரண்டாமவரின் நிலை யாது? முதல்வர் ஓரிடத்தில் நிற்க, இவருக்கு எஞ்சுவன 31 இடங்கள். அவற்றுள் 15 இடங்கள் முதல்வர் நிற்கும் பாதியிலேயே உள்ளன. சீட்டு அங்கே விழுந்தால், இறுதியாட்டத்துக்கு முன்னரே முதல்வரோடு மோதி வெளியேற வேண்டியதுதான். ஆகவே இரண்டாம் பரிசு உரியவரைச் சேரும் வாய்ப்பு 31 இல் 16. அஃதாவது பாதிக்குச் சற்றே மேல். நாணயத்தைச் சுண்டிப் பரிசு கொடுப்பதினும் இது எவ்வளவு மேலானது?

இதற்கு அவர் கண்ட பரிகாரமும் எளியதே. ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயருக்கெதிரிலும் அவருக்கு மேலோர் இன்னார் என எழுதிவர வேண்டும். தம்மை வென்றவர் மேலோர். அவரை வென்றவரும் மேலோர். மூன்று பரிசுகள் உள்ள போட்டியில், மூன்று மேலோர் சேர்ந்தவர் மட்டுமே விலகுவார். ஒருமுறை தோற்றமை குற்றமாகாது. வல்லவர் மெல்லியரை என்றும் வெல்வர் என்று அவர் வைத்துக்கொண்டது மட்டும் உலகியலுக்கு ஒவ்வாது. காலில் முள் தைத்த நாளில் வல்லவரும் தோற்பர். ஆயினும் கட்டுரையின் உயிர்நாடி அவ்விடத்தில் இல்லை.

இதனை நான் படித்தபோது என் நெஞ்சு சுட்டது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்க்குத் தமிழ் விவாதப் போட்டி ஒன்று நடத்தினேன். எட்டு அணிகள்; சீட்டுக் குலுக்கிச் சோடி சேர்த்தவன் நானே. தலைசிறந்த இரண்டு அணிகளும் முதற்சுற்றிலேயே எதிர்ப்பட்டன. அன்று தோற்ற அணியின் தலைவன், பின்வரிசையிலிருந்து மற்றைய விவாதங்களை எல்லாம் பார்த்தான். இரண்டாம் பரிசை நான் வேறொருவன் கையிற் கொடுத்தபோது எல்லோருடனும் சேர்ந்து கைதட்டினான். மறு ஆண்டு அவன் பெயர் கொடுக்கவில்லை. வெற்றி பெற்ற அணியிடம் தோற்றவை மூன்றே அணிகள். அம்மூன்றையும் தம்முள் வாதிடச் செய்ய இரண்டு விவாதங்களே மேலதிகமாக வேண்டியிருந்தன. ஒரு பிற்பகல் போதியிருக்கும். முப்பத்திருவர் ஆடும் போட்டியிலும் 31 ஆட்டங்களின்மேல் நான்கு ஆட்டங்களே இதற்கு வேண்டும்.

நம்மவர் கதையிலும் இது உண்டு. சென்னையைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதலாண்டில் நீல் பிரேசரிடமும் மறு ஆண்டில் ரொட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அவ்வவ்வாண்டிற் கிண்ணம் பெற்றவர்கள். அங்ஙனமாயின் கிருஷ்ணன் அவ்வாண்டுகளில் இரண்டாமவரா, நான்காமவரா? ஏட்டில் விடையில்லை. 1962 இல் அவருக்கு நான்காம் எண் வழங்கப்பட்டது. காயமுற்று இடையில் விலகினார்.

அந்த எண் யாதெனில், வல்லவர் எனக் கருதப்படுவோரை முன்னரே பொறுக்கி வரிசையிட்டு, அவர்கள் தொடக்கத்தில் ஒருவரோடொருவர் மோதாதபடி அட்டவணையிற் பிரித்து வைத்தல். ஆங்கிலத்தில் இதற்கு விதைத்தல் என்று பொருள்படும் சொல்லே வழங்குகிறது. நாற்றுக்கு நாற்று இடைவெளி விட்டு நடும் உழவனை நினைத்துக்கொள்க. 1927 முதல் விம்பிள்டனில் இது தகுதி நோக்கி நடைபெறுகிறது. டொட்ஜ்சன் சுட்டிய குற்றத்துக்கு உலகம் கண்ட மருந்து இது. ஆனால் அவர் விரும்பிய மருந்து அன்று. ஆடிய ஆட்டங்களிலிருந்தே தரம் அறியப்பட வேண்டும் என்றார் அவர். இவர்களோ ஆடுமுன்னரே தரத்தை ஊகித்து, ஊகத்தின்மேல் அட்டவணையை எழுப்பினர். எங்கள் ஒழுங்கை இளைஞர் செய்வதைப் போட்டிக் குழுவே செய்தது என்க. அம்முதலாண்டிலேயே ஒன்றாம் எண் பெற்ற லக்கோஸ்ட் வெல்லவில்லை; நான்காம் எண் பெற்ற கொஷே வென்றார். அதுவும் அரையிறுதியில், இரண்டாம் எண்ணினராகிய டில்டனிடம் இரண்டு செட்டுகளை இழந்து, மூன்றாவதில் 1-5 எனப் பின்னின்று மீண்டு வந்து!

டொட்ஜ்சன் இவற்றைக் காண இருக்கவில்லை. முதுமையில் தருக்க நூலில் மூழ்கினார். அதன் முதற்பாகம் 1896 இல் வெளிவந்தது. 1898 தை மாதம் 14 ஆந் திகதி, கில்போர்டில் சகோதரிகள் வாழ்ந்த இல்லத்தில், நுரையீரல் அழற்சியால் உயிர் நீத்தார். அறுபத்தாறு நிறைய இரண்டு வாரம் இருந்தது. அந்நூலின் இரண்டாம் பாகமாக அவர் எழுதிவைத்திருந்தவை 1977 இல்தான் அச்சேறின.

இவ்வாண்டும் இளைஞர் எனக்கொரு தாள் தந்திருக்கிறார்கள். விம்பிள்டனில் இக்காலம் 128 பேர் ஆடுகிறார்கள். வெல்பவர் எழுவரை வீழ்த்த வேண்டும். தாளின் ஓரத்தில், அவ்வெழுவர் பெயருக்காக ஏழு கோடுகள் இழுத்து வைத்திருக்கிறேன்.